சோசுவாவில் வெளிநாட்டவர் நடத்தும் பப்புக்கு முதன்முறை செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

டொமினிக்கன் குடியரசின் வடகரையில் உள்ள புவேர்த்தோ பிளாத்தா விமான நிலையத்தில் இறங்கி, காரில் கிழக்கே கால் மணி நேரம் சென்றால் சோசுவா என்னும் கடலோர ஊர் வரும். வளைந்து கிடக்கும் கடற்கரையின் ஒரு முனையில் எல் பாதெய், மறுமுனையில் லோஸ் சாரமிக்கோஸ் என இரண்டு குடியிருப்புகள் சேர்ந்ததுதான் இந்த ஊர். எல் பாதெயின் தெருக்களில் நடந்தால் கனடாக்காரர் நடத்தும் பப், ஜெர்மானியர் நடத்தும் உணவகம், ஆங்கிலேயர் நடத்தும் மதுக்கூடம் என்று அடுத்தடுத்துக் கண்ணில் படும். கரீபியனுக்கு வந்தும் ஆங்கிலேயன் கடையிலா சாப்பிடுவது என்று இவற்றை ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சில வாரங்கள் அங்கே தங்கியிருந்தபோது முதலில் நானும் அப்படித்தான் ஒதுக்கினேன். நல்ல பல் மருத்துவர் யார், எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும், எந்த வாடகை வண்டிக்காரர் சொன்ன நேரத்துக்கு வருவார் என்பதெல்லாம் அந்தப் பப்பில்தான் தெரியவரும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நம் ஊரில் தேநீர்க் கடை பெஞ்சு செய்யும் வேலையை அங்கே பப்பின் உயரமான முக்காலி செய்கிறது. அதில் உட்காருவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

போகும் முன்: வெளிநாட்டவர் இங்கே எப்படி வந்தார்கள்

சோசுவா, சுற்றுலாவால் மட்டும் வெளிநாட்டவர் வந்து சேர்ந்த ஊர் அன்று. 1938-இல் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி, நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பும் யூதர்களை யார் ஏற்பது என்று பேசியபோது, ஒரு லட்சம் பேர் வரை ஏற்பதாக முன்வந்தது டொமினிக்கன் குடியரசு. அப்போது நாட்டை ஆண்ட சர்வாதிகாரி ட்ருஹீயோவுக்குக் கருணையைவிடக் கணக்கே பெரிதாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் எல்லைப்புறத்தில் ஆயிரக்கணக்கான ஹைத்தியர்களைக் கொன்று குவித்த பழி அவர் மீது இருந்தது. ஒப்பந்தம் 1940 ஜனவரியில் கையெழுத்தானது. அமெரிக்கப் பழ நிறுவனம் ஒன்று வாழை பயிரிட்டுக் கைவிட்ட நிலமே அகதிகளுக்குக் கிடைத்தது. வந்து சேர்ந்தவர்கள் சில நூறு பேர்தான். வியன்னாவிலும் பெர்லினிலும் கடையும் அலுவலகமும் பார்த்தவர்கள் இங்கே மாடு வளர்த்து, பாலாடைக்கட்டி செய்து, கூட்டுறவுப் பால் பண்ணை ஒன்றைக் கட்டி எழுப்பினார்கள். சோசுவா என்ற பெயரில் பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் நாடெங்கும் விற்பனையானது அப்படித்தான். சிறிய யூதக் கோயிலும் அருங்காட்சியகமும் இன்றும் எல் பாதெயில் இருக்கின்றன. டாக்டர் ரோசன், டேவிட் ஸ்டெர்ன் என்ற தெருப் பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம்.

பின்னர் விமான நிலையம் வந்தது. அதைத் தொடர்ந்து கனடாக்காரர்களும் ஜெர்மானியர்களும் வந்தார்கள். பக்கத்து ஊரான கபரெத்தே 1980-களில் காற்றுப்பாய்ச் சறுக்கலுக்கு (விண்ட்சர்ஃபிங்) பெயர்பெற்று, இன்று பட்டப்பலகைச் சறுக்கலுக்கு (கைட்சர்ஃபிங்) உலகெங்குமிருந்து ஆள் வரும் இடமாகிவிட்டது. விடுமுறைக்கு வந்து ஊர் பிடித்துப்போய், சொந்த நாட்டில் வீட்டை விற்ற பணத்தில் ஒரு கடையைப் பிடித்தவர்தான் நீங்கள் சந்திக்கப்போகும் பப் உரிமையாளர்களில் பெரும்பாலானோர்.

முதல் படி: காலத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை கனடாவின் குளிருக்குத் தப்பி வரும் முதியவர்களால் ஊர் நிறைந்திருக்கும். வினாடி வினா மாலை, கிதார் மாலை, ஞாயிற்றுக்கிழமை வறுத்த இறைச்சி விருந்து எல்லாம் இந்தப் பருவத்தில்தான் களைகட்டும். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஊர் காலியாக இருப்பதால் சில உரிமையாளர்கள் கடையைப் பூட்டிவிட்டுத் தாய்நாட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே அந்த மாதங்களில் செல்பவர் கடை திறந்திருக்கிறதா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு நாளில் இரண்டு வேளைகள் ஏற்றவை. ஒன்று சனிக்கிழமை காலை. டொமினிக்கன் நேரம் ஆண்டு முழுவதும் மாறாமல் கிரீன்விச்சுக்கு 4 மணி நேரம் பின்தங்கி இருப்பதால், இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் கால்பந்தாட்டம் இங்கே குளிர்காலத்தில் காலை 11 மணிக்கும், இங்கிலாந்துக் கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டிருக்கும் மாதங்களில் காலை 10 மணிக்கும் தொலைக்காட்சியில் வரும். முட்டை, பன்றி இறைச்சி, பீன்ஸ் அடங்கிய காலையுணவுத் தட்டோடு ஆட்டம் பார்க்க ஆங்கிலேயர் கூட்டம் அப்போது கூடும். மற்றொன்று மாலை 4 முதல் 6 மணி வரை. வெயில் சாயும் நேரம், பானங்களின் விலை குறைந்திருக்கும் நேரம், உரிமையாளர் பேசக் கிடைக்கும் நேரம்.

அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை இரவில் தொலைக்காட்சியில் பேஸ்பால்தான் ஓடும். சோசுவாப் பகுதியில் பெரும்பாலோர் சாந்தியாகோ நகரின் ஆகிலாஸ் அணியின் ரசிகர்கள். தலைநகரின் லிசெய் அணியைப் புகழ்ந்து பேசினால் பரிமாறுபவரின் முகம் மாறும். கிரிக்கெட் பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் ஒரு செய்தி: ஆங்கிலேயர் ஆண்ட தீவுகளிலிருந்து கரும்பு வெட்ட வந்த தொழிலாளர்கள் தென்கரையின் சான் பெத்ரோ தே மகோரீஸில் ஒரு காலத்தில் கிரிக்கெட் ஆடினார்கள். அதே ஊர்தான் பின்னர் பேஸ்பால் வீரர்களை அள்ளித் தந்த ஊராக மாறியது.

இரண்டாம் படி: சரியான பப்பை அடையாளம் காணுதல்

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பாலியல் தொழிலால் சோசுவாவுக்கு நெடுங்காலமாகக் கெட்ட பெயர் உண்டு. பெத்ரோ கிளிசாந்தே என்ற முதன்மைத் தெருவில் இரவு ஏற ஏற அது வெளிப்படையாகவே தெரியும். ஆகவே எந்தப் பப் என்பதைப் பகலிலேயே முடிவு செய்துவிடுங்கள். மாலை 6 மணிக்கு எட்டிப் பார்க்கும்போது தனியாக வந்த பெண்களும் வயதான தம்பதியரும் குழந்தைகளோடு வந்த குடும்பமும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தால் அது நீங்கள் போகத் தகுந்த இடம். விலைப்பட்டியல் டாலரில் மட்டும் இல்லாமல் அந்நாட்டு நாணயமான பெசோவிலும் இருப்பதும், மதிய வேளையில் உள்ளூர்க்காரர் சிலரும் அங்கே சாப்பிடுவதும் கூடுதல் நற்சான்றுகள். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் கடையைக் கடந்து போய்விடலாம்.

மூன்றாம் படி: போய்ச் சேருதல்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் அல்லது ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசா ஒன்றைக் கையில் வைத்திருந்தால் சுற்றுலாப் பயணியாக நுழையலாம். வரும்போதும் போகும்போதும் அரசின் மின்னணுப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, கட்டணம் கேட்கும் இணையதளம் போலி.

நெடுஞ்சாலையில் ஓடும் குவாகுவா என்ற சிற்றுந்துதான் மலிவானது. கையைக் காட்டினால் நிற்கும். ஐந்து பேர் அமரும் இருக்கையில் ஆறாவது ஆளாக நீங்கள் நுழைய வேண்டியிருக்கும். இறங்கும் இடம் நெருங்கியதும் ‘தோந்தே புவேதா’, அதாவது ‘முடிகிற இடத்தில் நிறுத்துங்கள்’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஊருக்குள் மோத்தோகோன்ச்சோ எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள் கிடைக்கும். ஏறும் முன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். குடித்த பிறகு அதில் ஏறாதீர்கள். நாட்டின் சாலை விபத்துகளில் பெரும்பங்கு இருசக்கர வண்டிகளுடையது.

நான்காம் படி: உட்காருவதும் வணக்கம் சொல்வதும்

உள்ளே நுழையும்போது யாரையும் குறிப்பிட்டுப் பார்க்காமல் பொதுவாகப் ‘புவேனாஸ்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். வாய் திறக்காமல் நுழைபவரை அங்கே மரியாதை தெரியாதவராகவே கருதுவார்கள். சாப்பிடுகிறவரின் மேசையைக் கடக்கும்போது ‘புவென் ப்ரோவெச்சோ’ என்று வாழ்த்துவதும் வழக்கம். தனியாக வந்திருந்தால் மேசையைத் தவிர்த்து முக்காலியில் அமருங்கள். பேச்சு அங்கேதான் நடக்கிறது.

உரிமையாளர் ஆங்கிலத்தில் பேசினாலும் பரிமாறுபவர், சமைப்பவர், கணக்குப் பார்ப்பவர் எல்லாரும் டொமினிக்கர்களாகவே இருப்பார்கள். ஒரு நிறுவனத்தின் ஊழியரில் 80 விழுக்காட்டினர் டொமினிக்கர்களாக இருக்க வேண்டும் என்பது 1992-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். உங்களைப் பெண் ஊழியர் ‘மி அமோர்’, என் அன்பே, என்று அழைத்தால் அதில் வேறு பொருள் தேட வேண்டாம். காய்கறிக் கடைக்கார அம்மாளும் அப்படித்தான் அழைப்பார். நம் ஊரில் ‘கண்ணு’ என்பதைப் போல.

ஐந்தாம் படி: என்ன குடிப்பது

பீர் என்றால் பிரெசிதென்தே. தலைநகரில் 1935 முதல் வடிக்கப்படும் இந்தப் பீரை வெளிநாட்டுப் பப் எதுவும் தவிர்க்க முடியாது. சிறிய குப்பி, நடுத்தரக் குப்பி, ஒரு லிட்டர் அளவிலான பெரிய குப்பி என மூன்று அளவுகளில் வரும். பெரியதை ஒருவரே குடிப்பதில்லை. நடுவில் வைத்துச் சிறு கோப்பைகளில் பகிர்ந்துகொள்வார்கள், சூடாகும் முன் தீர்ந்துவிட வேண்டும் என்பதற்காக.

குளிர்ச்சியில் டொமினிக்கர்கள் கொண்டுள்ள பிடிவாதத்தை அருகில் இருந்து பார்க்க வேண்டும். பெட்டியின் அடியாழத்திலிருந்து எடுத்த குப்பி மீது மாவு பூசியது போல் வெண்பனி படிந்திருக்கும். அதற்கு ‘வெஸ்தீதா தே நோவியா’, மணப்பெண்ணாக உடுத்தியது, என்று பெயர். பரிமாறுபவர் அதன் நடுவயிற்றைப் பிடிக்க மாட்டார். கைச்சூடு பட்டால் உள்ளே சட்டென்று உறைந்துவிடும் என்பார்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்கி, மூடியைத் திறந்து, வாய்ப்பகுதியைத் துடைத்து, ஒரு காகிதக் கைக்குட்டையைச் சுற்றி உங்கள் முன் வைப்பார். அந்தப் பனி இல்லாத குப்பி வந்தால் உள்ளூர்க்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்; நீங்களும் அனுப்பலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்கும் முறை எளிது: ‘ஊனா ஃப்ரீயா’, குளிர்ந்தது ஒன்று. பீர் என்ற சொல்லே தேவையில்லை.

ரம் குடிப்பவர்களுக்கு ப்ருகால், பார்செலோ, பெர்மூதெஸ் என்று மூன்று பெயர்கள். மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் மூன்று ‘பி’ என்பார்கள். ப்ருகால் 1888-இல் பக்கத்து நகரமான புவேர்த்தோ பிளாத்தாவிலேயே தொடங்கப்பட்டது. ரம்மில் கோலா கலந்தால் கூபா லீப்ரே. எலுமிச்சைச் சோடா கலந்தால் சாந்தோ லீப்ரே. நான்கைந்து பேராகச் சென்றால் ‘செர்வீசியோ’ கேளுங்கள். முழு ரம் குப்பி, பனிக்கட்டி வாளி, கலந்துகொள்ளும் பானம் எல்லாம் ஒன்றாக வரும். தனித்தனிக் கோப்பை கேட்பதைவிடச் செலவு குறையும். மரப்பட்டையும் மூலிகையும் ரம்மிலும் சிவப்பு ஒயினிலும் தேனிலும் ஊறிய மாமாஹுவானாவை உரிமையாளர் இலவசமாக நீட்டுவார். நம் கஷாயத்தின் தொலைதூர உறவுக்காரர் என்று நினைத்துக்கொண்டு ஒரு சிறு கோப்பையோடு நிறுத்திக்கொள்வது நலம்.

முத்திரை உடையாத குப்பியிலிருந்து ஊற்றுவதை மட்டும் குடியுங்கள். கிளெரேன் என்ற கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்ததால் 2020-இல் மட்டும் அந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். குழாய்த் தண்ணீர் குடிப்பதற்கில்லை. குப்பித் தண்ணீரே பாதுகாப்பு.

ஆறாம் படி: என்ன சாப்பிடுவது

பலகையில் இரண்டு நாடுகள் அருகருகே எழுதப்பட்டிருக்கும். மேலே மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும், ஜெர்மானியர் கடையாக இருந்தால் ஷ்னிட்சல், கனடாக்காரர் கடையாக இருந்தால் குழம்பும் பாலாடைக்கட்டியும் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவல். கீழே, பெரும்பாலும் மதியத்துக்கு மட்டும், ‘லா பந்தேரா’. கொடி என்று பொருள்படும் இது வெள்ளைச் சோறு, சிவப்புப் பயற்றுக் குழம்பு, இறைச்சி, காய்த்துண்டுகள் அடங்கிய டொமினிக்க மதியச் சாப்பாடு. என் பரிந்துரை, மதியம் கொடியும் மாலையில் பொரித்த மீனும். சோறும் குழம்பும் அந்தச் சமையற்காரருக்குக் கைவந்தவை. பயறு குழைந்து, பூண்டும் கொத்தமல்லியும் மணக்கும் அந்தக் குழம்பைச் சோற்றில் பிசைந்து உண்ணும்போது ஊர் நினைவு வராமல் இருக்காது.

சைவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். பயற்றுக் குழம்பில் பன்றி இறைச்சித் துண்டோ கோழிச்சாறுக் கட்டியோ சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. ‘சின் கார்னே’, இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் கோழியையும் பன்றித் தொடைக்கறியையும் இறைச்சியாகக் கருதாமல் போட்டுவிடுவார்கள். ‘சின் கார்னே, சின் போயோ, சின் ஹமோன்’ என்று மூன்றையும் சொல்ல வேண்டும். ஆனால் காய்கறிகளுக்குக் குறைவில்லை. குவாந்தூல் என்பது பச்சைத் துவரை. அதைச் சோற்றோடு சேர்த்துச் சமைத்தால் மோரோ. யூக்கா என்பது மரவள்ளிக்கிழங்கு, தயோத்தா என்பது சௌசௌ, மொலோந்த்ரோன் என்பது வெண்டைக்காய், பெரெங்ஹேனா என்பது கத்தரிக்காய். வாழைக்காயை வெட்டி, ஒருமுறை பொரித்து, தட்டி நசுக்கி, மறுபடியும் பொரித்தால் தோஸ்தோனேஸ். பீருக்கு அதைவிடப் பொருத்தமான துணை அந்த ஊரில் இல்லை. டொமினிக்கச் சமையலில் காரம் கிடையாது. ‘பிகாந்தே’ என்று கேட்டால் காரச் சாறு தனியாக வரும். ஆங்கிலேயர் கடையில் வாரம் ஒரு நாள் கறி மாலை இருந்தால் போய்ப் பாருங்கள், ஆனால் அது இங்கிலாந்தின் கறி. ரசத்தையும் கொழம்பையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

அசைவர்களுக்கு இரண்டு குறிப்புகள். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை சிங்க இறால் பிடிக்கத் தடை உள்ள காலம். அப்போது ‘இன்று பிடித்தது’ என்று சொல்லிப் பரிமாறும் கடையின் மற்றச் சொற்களையும் சந்தேகிக்கலாம். பவளப்பாறைகளை ஒட்டி வாழும் சீலா போன்ற பெரிய வேட்டை மீன்களில் சிகுவாதேரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கக்கூடும். சமைத்தாலும் அது போகாது. எனவே தட்டுக்குள் அடங்கும் சிறிய மீனையே கேட்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: பில்லைப் படித்தல்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். உணவக விலையின் மீது 18 விழுக்காடு விற்பனை வரியும், அதற்குத் தனியாக 10 விழுக்காடு சட்டப்படியான சேவைத் தொகையும் சேரும். இரண்டும் அடிப்படை விலை மீதே கணக்கிடப்படும். ஆக, பட்டியலில் 1,000 பெசோ என்றால் வரி 180, சேவை 100, நீங்கள் தருவது 1,280. பட்டியல் விலையைக் கூட்டிப் பார்த்து, அதற்குச் சரியாகப் பணம் எடுத்துச் சென்ற முதல் மாலை, மீதிப் பணத்துக்காக நண்பரை மேசையில் அடகு வைத்துவிட்டுப் பணம் எடுக்கும் இயந்திரத்தைத் தேடி நான் ஓடினேன்.

சில கடைகள் வரியையும் சேவையையும் சேர்த்தே விலை எழுதியிருக்கும். ஆகவே உட்கார்ந்தவுடனேயே ‘இம்புவெஸ்தோஸ் இன்க்ளுயீதோஸ்?’, வரி சேர்ந்ததா, என்று கேட்டுவிடுங்கள். அந்த 10 விழுக்காடு சட்டப்படி ஊழியர்களுக்கு உரியது, உரிமையாளருடையது அன்று. கவனிப்பு மனத்துக்கு நிறைவாக இருந்தால் அதற்கு மேலும் சிறு தொகையை, அட்டையில் சேர்க்காமல், நோட்டாகப் பரிமாறியவரின் கையிலேயே கொடுங்கள்.

அண்மை ஆண்டுகளில் ஒரு டாலருக்கு 55 முதல் 65 பெசோ வரை மாற்று விகிதம் இருந்து வருகிறது. டாலரையும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் தங்களுக்கு வசதியான விகிதத்தில். அட்டை இயந்திரம் எந்த நாணயத்தில் வசூலிப்பது என்று கேட்டால் பெசோவையே அழுத்துங்கள். பில் கேட்காமல் மேசைக்கு வராது. விருந்தினரைக் கிளம்பச் சொல்வது போலாகிவிடும் என்று கொண்டுவர மாட்டார்கள். ‘லா குவெந்தா, போர் ஃபாவோர்’ என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

எட்டாம் படி: பேச்சும் அதில் கவனமும்

மூன்றாவது மாலையிலிருந்து உங்கள் பெயர் முக்காலி வரிசையில் தெரிந்துவிடும். ஊரைப் பற்றிய கேள்விகளுக்கு இங்கே கிடைக்கும் விடை எந்தச் சுற்றுலா நூலிலும் கிடைக்காது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ‘நீங்கள் ஏன் உங்கள் நாட்டை விட்டு வந்தீர்கள்’ என்று மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள். மணமுறிவோ கடனோ ஏதோ ஒன்று இருக்கும், அவரே ஒரு நாள் சொல்வார்.

கடற்கரைக்கு அருகில் மலிவாக ஒரு மனை இருக்கிறது என்று தொடங்கும் பேச்சைப் பீரோடு முடித்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டுச் சட்டப்படி மனை தனியாக அளக்கப்பட்டு, எல்லை வகுக்கப்பட்டு, தனிப் பட்டாப் பெற்றிருக்க வேண்டும்; ‘தெஸ்லிந்தே’ என்ற அந்த நடைமுறை முடியாத நிலத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் அதே முக்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். விற்பவர் அறிமுகப்படுத்தும் வழக்கறிஞரையும் நம்பாதீர்கள், வேறொருவரைப் பாருங்கள்.

டொமினிக்கர்கள் குடிக்கும் இடம் வேறு. தெருமுனையில் அரிசி, எண்ணெய், சோப்பு விற்கும் கோல்மாதோ என்ற மளிகைக் கடை வாசலில், நெகிழி நாற்காலிகளில், பச்சாத்தா இசை காதைப் பிளக்க அவர்களின் மாலை கழியும். அதே பிரெசிதென்தே அங்கே விலை குறைவு. பப்பில் உங்களுக்குப் பரிமாறுபவரிடம் அவர் எந்தக் கோல்மாதோவுக்குப் போவார் என்று கேட்டுவையுங்கள்.

கடைசிப் படி: கிளம்புதல்

ஞாயிறு முதல் வியாழன் வரை நள்ளிரவுக்கும், வெள்ளி, சனியில் பின்னிரவு 2 மணிக்கும் மது விற்பனையை நிறுத்த வேண்டும் என்று 2006-இல் அரசாணை வந்தது. சுற்றுலாப் பகுதிகளில் விலக்குப் பெற்ற கடைகளும் உண்டு. முதியவர்கள் கூடும் பப்புகள் அதற்கு வெகு முன்பே அடங்கிவிடும். வாடகைக் காரைத் தெருவில் தேடாமல் கடையிலேயே அழைக்கச் சொல்லுங்கள். ஏதேனும் தொல்லை என்றால் அவசர எண் 911.

மாலையில் மின்சாரம் நின்றுபோவது வழக்கம். பெரிய கடைகளில் மின்னாக்கி உடனே இயங்கும். சிறிய கடைகளில் மின்கலத்தில் இரண்டு விளக்கும் ஒரு விசிறியும் மட்டும் ஓடும், பாட்டு நின்றுவிடும், பேச்சு மட்டும் தொடரும். அந்த நேரத்தில் பில் கேட்காதீர்கள். அரையிருட்டில் எண்களைச் சரிபார்க்க முடியாது, கைக்கணக்கு எழுதுபவரும் தடுமாறுவார். சிறிது நேரத்தில் தெரு முழுவதும் ‘யெகோ லா லூஸ்!’, விளக்கு வந்துவிட்டது, என்ற கூச்சல் கேட்கும். அப்போது கையை உயர்த்துங்கள்.